தேவாங்கும் உயிர்வேலியும்

இப்பகுதியில் கடன், தவணை, பங்குத்தொகை, நூல் கொள்முதல், விளைபொருள் விற்பனை முதலிய விஷயங்களையே பாடமாக எழுதி வருவது வழக்கம். இம்மாதப் பாடம் ஒரு சிறு பிராணியைப் பற்றியது. கூட்டுறவுப் பத்திரிகையில் காட்டுப் பிராணிக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையை, நம்முடைய பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குவதே முறையாகும்.

ஒரு தணிக்கைக் குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் எல்லையில் உள்ள மலையடிவாரக் கிராமம் ஒன்றின் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆண்டுத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். கணக்குகள் சீராக இருந்தன. ரொக்க இருப்பு ஒத்துப்போயிற்று. பிறகு கிடங்கைப் பார்வையிட்டோம். கிடங்கு மனையின் நான்கு பக்கமும் பழைய கிளுவை வேலி. அதனூடே வெள்வேலும் உசிலும் திருகுகள்ளியும் வளர்ந்து, கோவைக் கொடியும் பிரண்டையும் படர்ந்து, ஆள் உயரத்திற்கு மேல் அடர்ந்து கிடந்தது. “வேலி பராமரிப்பின்றிப் புதர் மண்டியுள்ளது, பாம்பு முதலியன தங்க இடமாகும், அதனை அகற்றிக் கம்பிவேலி அமைத்தல் நலம்” என்று அறிக்கையில் குறிப்பு எழுதிவிட்டுத் திரும்பினோம்.

சங்கத்தார் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர்கள். இன்ஸ்பெக்டர் எழுதிய குறிப்பை மதித்து, முதல் தவணையாகக் கிழக்குப் பக்கத்து வேலியை வெட்டி அகற்றினார்கள். மற்ற மூன்று பக்கங்களுக்கும் பணம் ஒதுக்குவது பற்றி அடுத்த பொதுக்குழுவில் முடிவு செய்வதென்று தள்ளிவைத்தார்கள்.

அடுத்த ஆண்டு நாம் சென்றபோது, கிடங்குக் காவல்காரப் பெரியவர் ஓர் ஓலைக் கூடையைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். அதனுள் இறந்துபோன தேவாங்கு ஒன்று கிடந்தது. கழுத்தில் நாய்க்கடி. “அய்யா, முப்பது வருஷமாக இந்த வேலியில் இவைகளைப் பார்த்து வருகிறேன். ஒருநாளும் தரையில் இறங்கி நான் பார்த்ததில்லை. கிழக்கு வேலியை எடுத்த பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துப் புளியமரத்துக்குப் போக வேறு வழி அதற்கு இல்லையே!” என்றார். அவர் குற்றம் சாட்டும் குரலில் பேசவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. ஆயினும் அந்தக் குறிப்பில் இருந்தது நம்முடைய கையெழுத்து. ஒரு பிராணியைப் பற்றி ஏதும் அறியாமலே அதன் வழியை அடைத்துவிட்டோம் என்ற எண்ணம் நம்மை விடவில்லை. அதன் பின்னரே இப்பிராணியைப் பற்றிப் படிக்கவும் கேட்டறியவும் தொடங்கினோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே பாடமாக வைக்கிறோம்.

தேவாங்கு எத்தகைய பிராணி?

மெலிந்தவனைத் ‘தேவாங்கு’ என்று கேலி செய்வதும், திருதிருவென்று விழிப்பவனைத் ‘தேவாங்கு மாதிரி முழிக்கிறான்’ என்பதும் நம் பேச்சில் உள்ளவை. கன்னடத்தார் இதனைக் ‘காடுபாப்பா’, அதாவது காட்டுக் குழந்தை என்று அழைக்கிறார்கள். மலையாளத்தில் ‘குட்டித்தேவாங்கு’ என்பர். நம் பேச்சில் ஏளனம்; கன்னடத்தில் செல்லம். பிராணி ஒன்றுதான்.

குரங்கும் மனிதனும் அடங்கிய முதனிகள் என்னும் வரிசையைச் சேர்ந்தது தேவாங்கு. ஆயினும் அது குரங்கு அன்று. குரங்கினத்திலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்ட கிளை அதனுடையது. ஆப்பிரிக்காவில் இரவில் திரியும் புதர்க்குழந்தை, மடகாஸ்கர் தீவின் லெமூர் ஆகியவையே அதற்கு உறவினங்கள். நாயின் மூக்கைப்போல் ஈரமான மூக்கு இக்கிளையின் அடையாளம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் மெலிந்த தேவாங்கு இயற்கையாக வாழ்வதில்லை. அஸ்ஸாம் முதலிய வடகிழக்குப் பகுதிகளில் காணப்படுவது உருவில் பெரிய வேறோர் இனம். மெலிந்த தேவாங்கில் இரண்டு இனங்களைப் பிராணிநூலார் வகுத்திருக்கின்றனர். நம் நாட்டிலும் இலங்கையிலும் வாழ்வது சாம்பல் நிறத் தேவாங்கு. இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் மட்டும் வாழ்வது செந்நிறத் தேவாங்கு. நம் நாட்டுச் சாம்பல் தேவாங்கிலும் இரு பிரிவுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இருப்பது சற்றே செம்பழுப்பு நிறமுடையது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் வறண்ட முட்காடுகளில் இருப்பது சாம்பல் நிறமுடையது. நம் கிடங்கு வேலியில் வாழ்ந்தது இந்த இரண்டாம் பிரிவு.

உடல் ஒரு சாண் நீளம். எடை கால் கிலோவுக்கு முன்பின். வால் வெளியே தெரிவதில்லை. கை கால்கள் எழுதுகோலைப்போல் மெல்லியவை. முகத்தின் பெரும் பகுதியைக் கண்களே அடைத்துக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றிக் கருவளையம். கண்ணின் உட்புறத்தில் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் உண்டு. ஒருமுறை கண்ணுக்குள் புகுந்த ஒளியை அது மறுமுறையும் பயன்படச் செய்கிறது. அதனால்தான் விண்மீன் வெளிச்சத்திலும் அதற்குப் பார்வை தெரிகிறது. நாம் விளக்கை அடித்தால் இரண்டு தணல்துண்டுகள் போல் அக்கண்கள் மின்னுகின்றன.

கையின் அமைப்பு இன்னும் வியப்புக்குரியது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக விரிந்து கிளையைக் கிடுக்கிபோல் பற்றுகிறது. அடுத்துள்ள ஆட்காட்டி விரல் மிகவும் சிறுத்திருக்கிறது. பிடி அகலமாவதற்கு அது உதவுகிறது. கை கால்களில் இரத்தக் குழாய்கள் வலைப்பின்னலாகப் பிரிந்து ஓடுகின்றன. நம் கையை அரைமணி நேரம் உயர்த்திப் பிடித்தால் மரத்துப்போகிறது அன்றோ? தேவாங்கு மணிக்கணக்காகக் கிளையைப் பற்றியிருந்தும் சோர்வடையாததற்கு இவ்வமைப்பே காரணம் என்று கருதப்படுகிறது. காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்திற்குப் பதிலாகக் கூரிய உகிர் ஒன்று உண்டு. அது மயிரைக் கோதிக்கொள்வதற்கு. கீழ்த்தாடையின் முன்பற்களும் சீப்புப்போல் அமைந்து அதே வேலையைச் செய்கின்றன.

அது எதைத் தின்கிறது?

விவசாய அங்கத்தினர்கள் இப்பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரை அடுத்த குன்றுக் காட்டில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் அன்னா நெகாரிஸ் என்னும் ஆராய்ச்சிப் பெண்மணி பல மாதங்கள் தங்கி, இரவு முழுவதும் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து அவற்றின் வாழ்க்கையைக் குறித்தார். சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் ஆகிய நம் நாட்டு அறிஞர்களும் திண்டுக்கல் பகுதியில் இப்பிராணியின் இனப்பெருக்கத்தையும் சமூக வாழ்க்கையையும் ஆராய்ந்துள்ளனர். இவ்வாராய்ச்சிகளால் தெளிவான செய்தி ஒன்று உண்டு. தேவாங்கின் ஆகாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பூச்சி முதலிய சிறு பிராணிகளே. எறும்பு, கறையான், வண்டு, அந்துப்பூச்சி, எப்போதாவது ஒரு பல்லி. வேலமரத்துப் பிசினையும் சிறிது நக்கும். நிலக்கடலையைத் தோண்டுவதோ, சோளக்கதிரை முறிப்பதோ, தென்னங்குரும்பையைக் கடிப்பதோ அதன் வேலையன்று.

வேட்டையாடும் முறையும் தனி. கிளைமேல் ஓசையின்றி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பூச்சியை நெருங்கியதும் பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, முன்கைகள் இரண்டையும் சட்டென்று நீட்டிப் பிடித்துவிடுகிறது. மற்றப் பிராணிகள் வெறுத்து ஒதுக்கும் கசப்பும் நஞ்சும் உள்ள பூச்சிகளையும் அது தின்கிறது. அப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கைச் சுளித்துத் தும்முவதும் உண்டு!

ஒரு தேவாங்கினால் ஓர் ஏக்கருக்கு இவ்வளவு லாபம் என்று கணக்கிட்டுச் சொல்ல நாம் முன்வரவில்லை. கணக்கில் இல்லாத வரவை ஏட்டில் எழுதுவது நம் தொழிலுக்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லலாம். இப்பிராணியின் பேரில் பற்று எழுத நம்மிடம் ஏதும் இல்லை. பயிரில் ஒரு மணியையும் அது நம்மிடம் பெறவில்லை.

பகலும் இரவும்

தேவாங்கு கூடு கட்டுவதில்லை, மரப்பொந்திலும் தங்குவதில்லை. பகலில் முள் அடர்ந்த கிளைச் சிக்கலுக்குள் சென்று, தலையைத் தொடைகளுக்கிடையே புதைத்துப் பந்துபோல் சுருண்டு உறங்குகிறது. ஒரு தாய், அதன் குட்டிகள், ஓரிரு ஆண்கள் எனச் சில சேர்ந்து ஒன்றையொன்று தழுவியபடி ஒரே இடத்தில் உறங்குவதும் உண்டு. பொழுது சாய்ந்தபின் விழித்து, ஒன்றையொன்று நக்கித் துப்புரவு செய்துகொண்டு, தனித்தனியே இரை தேடப் பிரிந்து போகின்றன. இருளில் சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றுக்கொன்று குறிப்பறிவித்துக்கொள்கின்றன. விடியுமுன் மீண்டும் ஓரிடத்தில் கூடுகின்றன. பகலில் பிரிந்து பல தொழில் செய்து இரவில் ஒரு கூரையின் கீழ்க் கூடும் நம் குடும்பங்களைத் தலைகீழாக்கியது போன்றது இது.

பறவைக்குக் கூடு எவ்வளவு முக்கியமோ, தேவாங்குக்கு முட்சிக்கல் அவ்வளவு முக்கியம். முள்ளே அதன் சுவர், கதவு, தாழ்ப்பாள். நாம் ‘புதர்’ என்று எழுதியது அதற்கு வீடு.

முதலும் வட்டியும்

கால் கிலோ எடையுள்ள எலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈன்றுவிடும். அதே எடையுள்ள தேவாங்கு ஏறத்தாழ ஐந்தரை மாதம் சினை சுமக்கிறது. இது வெள்ளாட்டின் சினைக்காலத்தைவிடச் சற்று அதிகம் என்பதை ஆடு வளர்ப்போர் அறிவர். ஈனுவது ஒரு குட்டி அல்லது இரட்டை. பிறந்த சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைக் கவ்வியபடியே இருக்கும். நான்கு வாரமானபின் தாய் மாலையில் அதனை ஒரு பாதுகாப்பான கிளையில் விட்டுவிட்டு இரைக்குச் செல்லும். தாய் வரும்வரை குட்டி அக்கிளையிலோ அதனை அடுத்தோ இருக்கும். ஏறத்தாழ ஐந்து மாதம் பால் குடிக்கும்.

இதில் அடங்கிய கணக்கை அங்கத்தினர்கள் எளிதில் அறிவார்கள். அதிக வட்டி வரும் முதலில் ஒரு பகுதியை இழந்தாலும் விரைவில் ஈடுகட்டலாம். வட்டி மிகக் குறைந்த முதலில் கைவைத்தால் அது திரும்புவதற்குப் பல காலமாகும்; அடிக்கடி கைவைத்தால் திரும்பவே திரும்பாது. எலி முதல்வகை, தேவாங்கு இரண்டாம்வகை. ஒரு வேலியில் வாழும் ஒரு தாய் மடிந்தால், அவ்வாண்டுக் குட்டிகளும் சேர்ந்து மடிகின்றன.

சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு: உனஹபுளுவாவுக்குத் தன் குட்டி மாணிக்கம் என்பது அதன் பொருள். உனஹபுளுவா என்பது தேவாங்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாம் சொல்வதை அவர்கள் தேவாங்கின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள்.

அறுந்த இழை

நெசவு அங்கத்தினர்களுக்கு இப்பகுதி.

தேவாங்கு தாவாது. இதனை நன்கு நினைவில் வைக்க வேண்டும். குரங்கு ஒரு மரத்திலிருந்து மறுமரத்திற்குத் தாவிவிடும், அணில் பாய்ந்துவிடும். தேவாங்கோ எப்போதும் கிளையைப் பற்றியபடியே, ஒரு கிளை முடியும் இடத்தில் மறுகிளை தொடுமானால் அதனைப் பற்றி நகர்ந்து செல்லும். கிளையோடு கிளை பின்னியிருக்கும் வரையில்தான் அதற்குப் பாதை. நான்கு முழ இடைவெளி வந்துவிட்டால் பாதை முடிந்தது. பின் அது தரையில் இறங்கித்தான் ஆகவேண்டும். தரையில் நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, வண்டிச் சக்கரம் இருக்கிறது. மின்கம்பியைக் கொடியென்று நம்பிப் பற்றி மடிவதும் உண்டு.

பாவில் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடிப் பிணைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு நெய்கிறார். கவனியாது விட்டால் அந்த ஓர் இழையின் குறை சேலையின் நீளம் முழுவதும் ஓடும். காட்டிலிருந்து வேலி, வேலியிலிருந்து தோப்பு, தோப்பிலிருந்து மறுகாடு என்று பின்னியிருக்கும் பசுமையும் ஒரு பாவுதான். நாம் அறுத்தது கிழக்குப் பக்கத்து ஓர் இழை. குறை எங்கே தோன்றிற்று என்பதை மேலே கூறினோம்.

தேவாங்குக்கு நேர்ந்த துன்பங்கள்

முதலாவது, வாழிடம் சுருங்குதல். முட்காட்டைத் தரிசு என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. உயரமான மரமும் ஓடும் நீரும் இருந்தால்தான் அது காடு என்று கருதுகிறோம். உசிலும் வெள்வேலும் சூரையும் காரையும் நிற்கும் வறண்ட நிலம் கல்குழிக்கும் மனைப்பிரிவுக்கும் சாலைக்கும் எளிதில் இரையாகிறது. உயிர்வேலிகளும் அவ்வாறே கம்பிவேலிகளுக்கு இடம் கொடுக்கின்றன.

இரண்டாவது, மூடநம்பிக்கை. தேவாங்கின் கண்ணீர் கண்ணோய்க்கு மருந்து என்றும், அதன் உறுப்பு வசியத்திற்கும் சூனியத்திற்கும் உதவும் என்றும் சொல்லி அதனைப் பிடித்துத் துன்புறுத்துவோர் இருந்தனர். இன்றும் அக்கொடுமை முற்றும் ஒழியவில்லை. அதனைக் கூண்டில் வைத்து ஜோசியம் சொல்லிப் பிழைத்தவர்களும் உண்டு. கண்ணோய் உள்ள அங்கத்தினர் கண் மருத்துவரிடம் செல்லட்டும். தன் கண்ணையே நாய்க்கடியிலிருந்து காத்துக்கொள்ள இயலாத பிராணி, பிறர் விதியை மாற்றும் என்று நம்புவது அறிவுக்குப் பொருந்துமா?

மூன்றாவது, பூச்சிமருந்து. பூச்சியையே தின்று வாழும் பிராணிக்கு, பூச்சியற்ற தோட்டம் வெறும் பாத்திரம் போன்றது. தேவைக்கு மேல் மருந்தடிப்பது பணத்திற்கும் நட்டம், மண்ணுக்கும் நட்டம் என்று பலமுறை கூறப்பட்டுவிட்டது. வேலியின்மேல் மருந்து தெறிக்காமல் அடிப்பதேனும் நம்மால் முடிந்தது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் செந்நிறத் தேவாங்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவும், நம் சாம்பல் தேவாங்கை அந்நிலையை நெருங்கிவரும் இனமாகவும் வகுத்துள்ளது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிப் பகுதியில் வாழும் மலைத் தேவாங்கு 1939ஆம் ஆண்டுக்குப்பின் பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல், அழிந்ததென்றே கருதப்பட்டு, 2002ஆம் ஆண்டில்தான் மீண்டும் காணப்பட்டது. ஒரு பிராணி இல்லாமற்போவதற்கும், இருந்தும் நாம் காணாதிருப்பதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு குறுகியது.

சட்டமும் சரணாலயமும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேவாங்கு முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு இச்சிறு பிராணிக்கும் உண்டு. இதனை வேட்டையாடுவதும் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். வேட்டைக் குற்றத்திற்கு மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களிலுள்ள 11,806 ஹெக்டேர் காப்புக்காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. ஏக்கர்க் கணக்கில் இது 29,000க்கு மேல். கடவூர், வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் ஆகிய தாலுகாக்களில் அக்காடுகள் பரவியுள்ளன. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் அதுவே. நம் பகுதிக்கு இது பெருமை.

ஆயினும் சரணாலயத்தின் எல்லைக்கல் எங்கே நடப்பட்டுள்ளதென்று தேவாங்குக்குத் தெரியாது. காப்புக்காட்டின் ஓரத்தில் தொடங்கும் பட்டா நிலங்களின் வேலிகளிலும், புளியந்தோப்புகளிலும், கோயில் நந்தவனங்களிலும் அது வாழ்கிறது. பெங்களூர் நகரின் நடுவே இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வளாக மரங்களிலும் தேவாங்குகள் வாழ்ந்து வருவது அறியப்பட்ட செய்தி. மனிதர் அருகில் இருப்பது அதற்குத் தடையன்று. மரத்தொடர் அறுபடுவதே தடை. காட்டைச் சர்க்கார் காக்கலாம். வேலியைக் காக்கச் சர்க்காரால் ஆகாது. வேலி நம்முடையது.

பொதுக்குழுவில் நடந்தது

காவல்காரப் பெரியவர் கூடையைக் காட்டிய மறுவாரம் அச்சங்கத்தின் பொதுக்குழு கூடிற்று. மீதி மூன்று பக்கத்து வேலியை அகற்றிக் கம்பிவேலி இடப் பணம் ஒதுக்குவது பொருட்பட்டியலில் இருந்தது. நாமும் அழைப்பின்பேரில் சென்றிருந்தோம்.

கருத்துகள் இருபுறமும் இருந்தன. “வேலி நிழலில் இரண்டு பாத்தி வீணாகிறது, கம்பி போட்டால் அந்த இடமும் சங்கத்துக்கு ஆகும்” என்றார் ஒருவர். அவர் கூறியது பொய்யன்று. பாம்புப் பயம் பற்றி ஒரு பெண் அங்கத்தினர் பேசினார். கிடங்கு வாயிலில் தினமும் கூட்டிப் பெருக்குபவர் அவரே. அவருடைய அச்சமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. காவல்காரர் எழுந்து, “கம்பிக்கு ஒரு தரம் பணம், துருப்பிடித்தால் மறுதரம் பணம். கிளுவைக்கு என்ன செலவு? போத்து நட்டால் தானே பிழைக்கும். ஆட்டுக்குத் தழை கிடைக்கும். என் தகப்பனார் நட்ட வேலி இது” என்று மட்டும் சொல்லி அமர்ந்தார்.

பிறகு நம்மை நோக்கினார்கள். முந்தைய குறிப்பு நிலத்தை நன்கு பாராமல் எழுதப்பட்டதென்றும், அதனை நிறைவேற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று இவ்வாண்டு அறிக்கையில் எழுதுவதாகவும் கூறினோம். இன்ஸ்பெக்டர் தம் குறிப்பைத் தாமே மாற்றுவது அழகா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். கணக்கில் தவறிருந்தால் திருத்தி ஒப்பமிடுவதுதானே முறை என்று விடையளித்தோம்.

தீர்மானம் இவ்வாறு நிறைவேறிற்று. மூன்று பக்கத்து உயிர்வேலியும் இருக்கும். கிடங்கு வாயிலை ஒட்டிய பத்தடி மட்டும் அடியில் சுத்தம் செய்து, பெருக்குவோருக்கு வசதி செய்யப்படும்; மேற்கிளை வெட்டப்படாது. கிழக்குப் பக்கத்தில் மழைக்கு முன் கிளுவைப் போத்து நடப்படும். கம்பிவேலிக்கென எண்ணிய தொகை களத்தைச் செப்பனிடச் செலவிடப்படும்.

போத்து வளர ஆண்டுகள் ஆகும். அதுவரை அப்பிராணி என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. அடுத்த தெருவின் நெசவாளர் சங்கத்து முதியவர் ஒருவர் பார்வையாளராக வந்திருந்தார். “இழை அறுந்தால் பிணைக்கிறோம். அதற்கும் பிணைத்துவிடுவோமே” என்றார். மறுநாளே தடித்த தேங்காய்நார்க் கயிறு ஒன்றை வடக்கு வேலியின் உசிலங்கிளையிலிருந்து கிழக்கே நிற்கும் புளியமரக் கிளைவரை, மின்கம்பிக்கு எட்டத்தில், உயரக் கட்டிவிட்டார்கள்.

அக்கயிற்றின்மேல் தேவாங்கு நடந்து சென்றதை நாம் கண்டதில்லை. காவல்காரர் ஒருமுறை கண்டதாகச் சொன்னார். போத்துகளில் பெரும்பாலானவை துளிர்விட்டிருந்ததை மட்டும் சென்ற தணிக்கையின்போது நாமே எண்ணிப் பார்த்தோம்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. உயிர்வேலியை முழுதும் அகற்றாதீர்கள். அகற்ற நேர்ந்தால் ஒரே சமயத்தில் அல்லாமல் பகுதி பகுதியாகச் செய்து, மறுபோத்து வேரூன்றிய பின் அடுத்த பகுதியைத் தொடுங்கள். கவாத்து செய்வதானால் பகலில் உள்ளே தேவாங்கு உறங்குகிறதா என்று பார்த்தபின் கத்தியை வையுங்கள்.

2. தேவாங்கைக் கண்டால் பிடிக்க வேண்டாம். வேறிடத்தில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். அதற்கு அவ்விடமே வீடு. காயமுற்றிருந்தால் உடனே வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள்.

3. இரவில் பார்க்க விரும்பினால் விளக்கின் முகப்பில் சிவப்புக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை ஒளியை அதன் கண்ணில் நேராக அடிப்பது கொடுமை.

4. கிடங்கு, தறிக்கூடம் ஆகியவற்றின் காவல் நாய்களை இரவில் வேலியோரம் அவிழ்த்துவிடாதீர்கள்.

5. மருந்து, மாந்திரீகம் என்று எவரேனும் தேவாங்கைக் கேட்டு வந்தால், ஊரார் கூடி மறுத்து, வனத்துறைக்குச் செய்தி அனுப்புங்கள்.

படிப்பு வட்டத்தில் ஆராய வினாக்கள்

1. உங்கள் சங்க எல்லைக்குள் எத்தனை சர்வே எண்களில் உயிர்வேலி இன்னும் இருக்கிறது? பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை இருந்தது?

2. எலிக்கும் தேவாங்குக்கும் எடை ஏறக்குறைய ஒன்றாயிருக்க, ஒன்று பெருகுவதும் மற்றொன்று குறைவதும் ஏன்?

3. கம்பிவேலியின் செலவையும் ஆயுளையும், கிளுவை வேலியின் செலவையும் ஆயுளையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுக. தழை, விறகு, நிழல் ஆகியவற்றை வரவில் சேர்க்கவும்.

4. உங்கள் ஊரில் தேவாங்கைப் பற்றி வழங்கும் நம்பிக்கைகள் யாவை? அவற்றுள் கண்ணால் கண்டு உறுதி செய்தவை எத்தனை?

மூன்றாம் வினாவுக்கான கணக்கை எழுதி அனுப்பும் சங்கங்களின் விடைகளை ஒப்பிட்டு, பின்வரும் இதழ் ஒன்றில் எழுத எண்ணுகிறோம். கணக்கில் கம்பிவேலிக்கே லாபம் வருமானால் அதனையும் மறைக்காமல் எழுதுங்கள். உண்மையான கணக்கே நமக்கு வேண்டியது.